இரண்டு வெள்ளை மூடிகள்

எட்டாயிரத்து நானூறு நுண்சிப்பிகள். ஒவ்வொன்றும் ரவையில் பாதி இருக்கும். கப்பலில் போய் எடுத்துவந்த கடலடிச் சேற்றைக் கழுவி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்ததில் ஆய்வக உதவிக்காரியான எனக்கு இரண்டு குளிர்காலம் போயிற்று. அந்த ஓடுகளைச் சோதித்துத்தான், அவை வாழ்ந்த காலத்தில் ஆழ்கடல் நீரோட்டம் ஓடியதா, நின்றதா என்று கண்டுபிடிப்பார்கள்.

கட்டுரை வெளிவந்தபோது எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், கப்பல் சமையல்காரருக்கும் கீழே, 'சிப்பி பொறுக்கிய குன்வோருக்கு நன்றி' என்று ஒரு வரி.

"பொறுக்கிக் குடுத்தவங்க பேரையெல்லாம் போட ஆரம்பிச்சா எங்க போய் முடியும், குன்வோர்?" என்றான் பேராசிரியர் ஸ்டெய்னார், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை மென்றுகொண்டே. 

அதே வாரம், துண்டுக்கொரு குழாயாகக் கப்பலில் அடைத்து எடுத்துவந்த சேற்றுத் துண்டுகளை அடுக்கி வைக்கக் குளிர் அறைக்குப் போனேன். நாலாம் துண்டில் எரிமலைச் சாம்பல் ஒரு கறுப்புக் கோடாகக் கிடந்தது. சாம்பல் படியும்போது அடிப்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மேல்பக்கத்தைப் புழுக்கள் கிளறிக் கலக்கிவிடும். இங்கே வெட்டினாற்போன்ற பக்கம் மேலே இருந்தது. துண்டைத் தலைகீழாக வைத்து மாதிரி எடுத்திருந்தார்கள். என் மேசைக்கு எல்லாம் எண் போட்ட பொட்டலமாகவே வந்ததால் எனக்கும் அதுவரை தெரியவில்லை.

எப்படி நடந்தது என்பது உடனே புரிந்தது. குழாயின் தலைக்கு நீல மூடி, காலுக்கு வெள்ளை மூடி போடுவது வழக்கம். நாலாம் துண்டை எடுத்த அன்று கப்பலில் நீல மூடி தீர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் வெள்ளை மூடியைப் போட்டு, தலைப்பக்கத்தைக் காட்டி அம்புக்குறி வரைந்து, பதிவேட்டிலும் எழுதி வைத்தேன். நான் விடுப்பில் இருந்தபோது ஸ்டெய்னார் குழாயைப் பிளந்திருக்கிறான். என் கையெழுத்தை அவன் என்றைக்குப் படித்தான்?

'நீரோட்டம் ஒரே மனித ஆயுளுக்குள் சட்டென்று நின்றது, பிறகு மெல்ல மீண்டது' என்பதுதான் அந்தத் துண்டை வைத்து அவனுக்குப் பேர் வாங்கித் தந்த கண்டுபிடிப்பு. சேற்றில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது; துண்டைத் திருப்பினால் கதையும் திரும்பிவிடும்: மெல்ல நின்றது, சட்டென்று மீண்டது.

அவனிடம் சொல்லத்தான் படியேறினேன். பாதியில் அந்த நன்றி வரி நினைவுக்கு வந்தது. இறங்கிவிட்டேன்.

ஆறு வருடம் வாயைத் திறக்கவில்லை. அவனுக்குப் பதக்கம் கிடைத்தது. பாராட்டு விழாவுக்குப் பத்து நாட்டுக்காரர்கள் எங்கள் பெர்கன் நகரத்து மழையில் நனைந்து வந்தார்கள். திரையில் ஆளுயரத்துக்கு நாலாம் துண்டின் படம். நான் கையைத் தூக்கினேன்.

"என்ன குன்வோர், காப்பி தீந்து போச்சா?" என்றான். அரங்கமே சிரித்தது.

"காப்பி நெறைய இருக்கு. அந்தக் கறுப்புக் கோட்டுல எந்தப் பக்கம் வெட்டுன மாதிரி இருக்கு?"

திரும்பிப் பார்த்தான். "மேல்..." என்று தொடங்கியவன் அப்படியே நின்றான். முன்வரிசையில் எரிமலைச் சாம்பலைப் பற்றித் தெரிந்த ஐஸ்லாந்துக்காரி ஒருத்தி "ஐயையோ!" என்றாள்.

"கப்பல் பதிவேட்டக் கையோட கொண்டாந்திருக்கேன்," என்று எழுந்து வாசித்தேன். "நாலாம் துண்டு. ரெண்டு பக்கமும் வெள்ளை மூடி. அம்புக்குறியைப் பார்க்கவும்."

யாரும் சிரிக்கவில்லை.

நடைபாதையில் என்னைப் பிடித்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "உனக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"ஆறு வருஷமா."

"அடிப்பாவி, ஏன் சொல்லல?"

"பொறுக்கிக் குடுக்கறவ பேச ஆரம்பிச்சா எங்க போய் முடியும், ஸ்டெய்னார்?"

ஆறு வருடம் எத்தனையோ பேர் அந்தப் பொய்யை நம்பித் தங்கள் கணக்குகளைப் போட்டார்கள். அது பாவம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இனித்தது.

திருத்தத்தைச் சேர்ந்து எழுதலாம் என்று மூன்று முறை ஆள் விட்டான். நான் தனியாகவே எழுதினேன். மேலே ஒரே பெயர், என்னுடையது. கடைசிப் பக்கத்தில், கப்பல் சமையல்காரருக்கும் கீழே, அவனுக்கும் ஒரு வரி கொடுத்தேன்:

'துண்டைத் தலைகீழாக வைத்த ஸ்டெய்னாருக்கு நன்றி.'