மாதங்கி போகலாமா?

பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோன பிறகு மேர்வினின் வாயிலிருந்து வந்த முதல் சொல் மனைவியின் பெயரல்ல, மாதாவின் பெயருமல்ல. "பொய்" என்பதுதான். அதையும் அவர் மனிதர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னார்.

அன்று எட்டு மணி நாடகத்தில் கிருபாகரன் என்பவனை அவனுடைய சித்தி மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டாள். அவ்வளவு படிகளிலும் உருண்டு விழுந்தும் அவன் தலைமயிர் கலையவில்லை. பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா "அல்லாவே" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து இருத்தியிருந்த மேர்வினின் கோணிய வாய் மெல்ல அசைந்தது. "பொ... ய்" என்றார். குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த மனைவி அருள்மலர் ஈரக்கையோடு ஓடிவந்தாள். மூன்று பேரும் அழுதார்கள். நாடகத்தில் மாதங்கியும் அழுதுகொண்டிருந்தாள். அவள் கிருபாகரனின் மனைவி.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள். "தலையாட்டிப் பதில் சொல்லிற கேள்வியள் கேக்காதேங்கோ அம்மா. அபிப்பிராயம் கேளுங்கோ. ஆர் நல்லவன், ஆர் கெட்டவன், இனி என்ன நடக்கும் எண்டு கேளுங்கோ. கோவம் வந்தாலும் நல்லதுதான், கோவத்திலயாவது கதைப்பார்" என்றாள்.

அன்றிலிருந்து உட்துறைமுகப் பக்கத்து அந்தச் சின்ன வீட்டில் ஒவ்வொரு நாளும் நாடகம் முடிந்ததும் வழக்கு விசாரணை நடந்தது. நீதவான் நஜ்முன் நிஸா. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து உடுப்புத் தைப்பவள். அவளுடைய புருஷனுக்கு நாடகச் சத்தமே ஆகாது என்பதால் தன் வீட்டுத் தொலைக்காட்சியை விட்டுவிட்டு இங்கே வருவாள். பகலில் அருள்மலர் வேலைக்குப் போயிருக்கும் நேரம் மேர்வினுக்கு வாயில் சோறு தீத்துவதும் அவள்தான். "அண்ணே, இண்டைக்கு அந்தச் சித்தி செஞ்சது சரியா? சொல்லுங்க பாப்பம்" என்று கதிரையை இழுத்துப் போடுவாள். "கள்ளி" என்பார் மேர்வின். கிருபாகரனின் தமையனைப் பற்றிக் கேட்டால் "மடையன்". மாதங்கியைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசித்து, "பாவம்". ஒருகாலத்தில் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய மனிதர் அவர். கப்பலின் மேல்தட்டில் நிற்பவனுக்குக் கேட்கும்படி தண்ணீரிலிருந்து கத்திப் பழகிய குரல் இப்போது ஒவ்வொரு சொல்லாக, நனைந்த கயிற்றை இழுப்பதுபோல வந்தது.

அருள்மலரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல அவள் விழித்திருப்பதில்லை. விடியமுன் எழும்பி, கணவனைத் துடைத்து, பம்பஸ் மாற்றி, தேத்தண்ணி பருக்கிவிட்டு, மூதூர்ப் படகு வெளிக்கிடும் துறைக்குக் கிட்டவுள்ள சாப்பாட்டுக் கடைக்கு நடப்பாள். வழியில், ஊர்த் தெருக்களிலேயே திரிந்து குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கிற மான்கள் அவளைக் கண்டு விலகுவதுகூட இல்லை. கடையில் இடியப்பம் பிழிவதும் புட்டு அவிப்பதும் அவள் வேலை. பின்னேரம் திரும்பி வந்தால் துவைப்பு, சமையல், அவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது. எட்டு மணிக்குக் கதிரையில் இருந்தால் இடுப்பிலிருந்து ஒரு வலி கால்வரை இறங்கும். மாதங்கி வரும்போதே கண் சொருகிவிடும்.

ஆனாலும் அரைக்கண்ணில் பார்த்தவற்றைப் பற்றி அவளுக்கும் சில எண்ணங்கள் இருந்தன. படிக்கட்டில் விழுந்தவன் படுத்த படுக்கையாகி எத்தனையோ மாதங்களாகிவிட்டன. அந்தக் கட்டில் விரிப்பில் ஒரு கறை இல்லை. மாதங்கி பட்டுச்சேலை கசங்காமல் அவனைத் தனியாகத் தூக்கி இருத்துகிறாள். அவள் அறைக்குள் வந்தால் விளக்கு வெளிச்சம் கூடுகிறது. ஒருநாளாவது அவள் மூக்கைப் பொத்தவில்லை, ஒருநாளாவது எரிந்து விழவில்லை. "என்னா பொறுமை! பொம்புளயெண்டா இப்பிடி இரிக்கணும்" என்று நஜ்முன் நிஸா சொல்லும்போதெல்லாம் அருள்மலர் கண்ணை மூடிக்கொள்வாள். கடையில் தேங்காய் துருவுகிற பெண்களும் இதையேதான் பேசினார்கள். மாதங்கிக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, கணவனை விட்டுவிட்டுப் போகப்போகிறாளாம், போனாளென்றால் அவள் பெண்ணே இல்லை என்று அவர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

மாதங்கி பெட்டி கட்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று கடையில் இன்னொருத்தி வரவில்லை. இரண்டு பேரின் வேலையை அருள்மலர் ஒருத்தியாகச் செய்துவிட்டு வந்திருந்தாள். வந்து பார்த்தால் அவருடைய விரிப்பு முழுவதும் நனைந்திருந்தது. எல்லாவற்றையும் மாற்றிக் கழுவி முடிக்க நாடகம் தொடங்கிவிட்டது. மாதங்கி பெட்டியுடன் வாசலில் நிற்க, உள்ளேயிருந்து கிருபாகரன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட, வயலின் அலற, அத்துடன் அன்றைக்கு முடிந்தது.

"இவ போகலாமா அண்ணே? சொல்லுங்க."

மேர்வின் நெடுநேரம் வாயை அசைத்தார். "போ... கக் கூடாது."

இரண்டு சொற்கள் சேர்ந்து வந்ததில் நஜ்முன் நிஸாவுக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. "கேட்டீங்களா அக்கா! நீங்களும் சொல்லுங்க. போகலாமா?"

"போகட்டும்" என்றாள் அருள்மலர்.

"என்னக்கா?"

"போகட்டும் எண்டன். எங்கயாவது போய் ஒரு அறையெடுத்துக் கதவைப் பூட்டிப்போட்டு நித்திரை கொள்ளட்டும்."

"அப்ப அந்த மனிசன்? அவன் கிடந்து மவுத்தாகுறதா?"

"அவள் சாகலாமோ? அது பரவாயில்லையோ?"

குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே கேட்டது. விளம்பரத்தில் யாரோ சவர்க்காரத்தைப் பற்றிப் பாடினார்கள். நஜ்முன் நிஸா முந்தானையைத் தலையில் சரிசெய்தபடி, "நாடகம்தானே அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். மேர்வின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தொலைக்காட்சியைப் போட்டால் கண்ணை மூடினார். நஜ்முன் நிஸா கேள்வி கேட்டுக் கேட்டுக் களைத்து, பிறகு வெறுமனே பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினாள். தீத்துகிற சோற்றில் பாதியை அவர் வாயிலேயே வைத்திருந்தார். அருள்மலருக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து வரும்போது நினைப்பாள். 'நான் அவளைத்தான் சொன்னனான், உங்களையில்லை' என்று சொல்லவேண்டும். அது உண்மையில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். உண்மையில்லாத ஒன்றைச் சோடித்துச் சொல்லவும் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு அவளிடம் இல்லை. பேசாமல் அவரைப் புரட்டினாள், துடைத்தாள், போர்த்தினாள்.

மேர்வினின் தம்பி பேணாட் சாம்பல்தீவில் இருந்தான். கடல்தொழில். அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளே, "கொஞ்ச நாள் எங்கட வீட்டில இருக்கட்டும் அண்ணி. எனக்குக் கைகால் இருக்கு, தூக்குவன்" என்று வந்து நின்றான். மேர்வின் தலையை ஆட்டி ஆட்டி அழுதார். தான் தூக்கி வளர்த்த தம்பி தன்னைத் தூக்குவதை அவர் விரும்பவில்லை. இரண்டாம் தரமும் வந்து கேட்டுப் பார்த்தான். அண்ணன் முகம்கொடுக்கவில்லை. "நான் பாப்பன் தம்பி" என்று அருள்மலர் அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் மீன் கொண்டுவந்து தருவதோடு நிறுத்திக்கொண்டான்.

அடுத்த வார முடிவில் நஜ்முன் நிஸா கிண்ணியாவில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்குப் பழக்கதோஷத்தில் அருள்மலர் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, கணவனைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றத் தூக்கினாள். தினமும் செய்கிற வேலைதான். அவருடைய நல்ல கையைத் தன் கழுத்தில் போட்டு, இடுப்பில் அணைத்து, மூச்சைப் பிடித்து எழும்பினாள். பாதியில் இடுப்பு ஏதோ கம்பி அறுந்ததுபோல விட்டுப்போனது. கால் மடங்கியது. இருவரும் சேர்ந்து நிலத்தில் விழுந்தார்கள். அவள் கீழே, அவர் மேலே.

வலியில் அவளுக்கு முதலில் சத்தமே வரவில்லை. பிறகு, "அடிபட்டதோ? இஞ்சாருங்கோ, தலையில அடிபட்டதோ?" என்றாள். அவர் இல்லை என்று தலையசைப்பது அவள் தோளில் தெரிந்தது. மெல்ல மெல்ல அவரைப் பக்கவாட்டில் புரட்டிவிட்டு அருகில் மல்லாந்து கிடந்தாள். எழும்பப் பார்த்தாள். ஏலவில்லை. தொலைபேசி மேசையில் இருந்தது. கூப்பிட்டாலும் பக்கத்து வீட்டில் யாருமில்லை.

தொலைக்காட்சியில் மாதங்கி திரும்பி வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அதே பெட்டியோடு, அதே பட்டுச்சேலையோடு ஓடிவந்து, கிருபாகரனின் காலைக் கட்டிக்கொண்டு, "உங்களை விட்டுப்போக நினைச்ச பாவி நான்" என்று கதறினாள். வயலின்.

சீமெந்து நிலத்தில் கிடந்தபடி இருவரும் அதைப் பார்த்தார்கள். வேறு பார்க்க எதுவும் இருக்கவில்லை.

"வந்திட்டாள்" என்றாள் அருள்மலர். "இவளுக்கு எப்பிடி ஏலுது? எனக்கு ஏலாதப்பா. உண்மையாவே எனக்கு ஏலாது. நான் உங்களை விட்டுட்டுப் போகமாட்டன். ஆனா எனக்கு ஏலாது."

மேர்வின் பேசப் பிரயாசைப்படுவது மூச்சில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். கிளினிக் பெண் சொல்லியிருந்தாள், அவருக்குப் பதிலாகச் சொல்லை எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று.

"மலர்."

நோய் வந்த பிறகு அவள் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீ... போக வேண்டாம்" என்றார். இன்னும் மூச்சு வாங்கினார். "நான்... போறன்."

"எங்க போறீங்கள்? என்ன கதை இது?"

"பேணாட்... வீட்ட." நல்ல கையால் நிலத்தைத் தட்டினார், சொல் வரவில்லை என்று கோபம் வந்தால் அப்படித்தான். "சனி... ஞாயிறு. நீ... படு."

அவள் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் காதுக்குள் வடிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை நீட்டினாள், இடுப்பு விடவில்லை. "வெக்கமாயிருக்கும் எண்டு தெரியும்" என்றாள்.

"ஓம்" என்றார் அவர். "வெக்கம்தான்."

கொஞ்ச நேரம் சென்று அவள் ஒருபக்கமாகச் சரிந்து, முழங்கையால் நகர்ந்து, மேசை விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். மேசையிலிருந்த கிளாசும் மருந்துப் போத்தலும் தொலைபேசியும் எல்லாமாக வந்து விழுந்தன. கிளாஸ் உடைந்தது. பேணாட்டுக்கு அழைத்தாள். "தம்பி, விழுந்துபோனம், ஒருக்கா வாங்கோ" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவன் ஓட்டோவில் வந்து கதவைத் தள்ளித் திறந்தபோது நாடகம் முடிந்து செய்தி போய்க்கொண்டிருந்தது. அண்ணனைத் தூக்கும்போது பேணாட் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேர்வின்தான் தம்பியின் கழுத்தில் கையைப் போட்டார்.

அருள்மலரின் இடுப்பில் எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று டொக்டர் சொன்னார். பாரம் தூக்கக்கூடாது என்றும் சொன்னார். அதைக் கேட்டு அவள் தலையாட்டினாள், வேறென்ன செய்வது?

அடுத்த சனிக்கிழமை காலையில் பேணாட் வந்து அண்ணனைக் கொண்டுபோனான். வாசலில் நின்று ஓட்டோ திரும்பும்வரை பார்த்தாள். வீட்டுக்குள் வந்ததும் துவைக்கிற உடுப்பு கண்ணில் பட்டது. விட்டுவிட்டு அவருடைய கட்டிலிலேயே படுத்தாள். மத்தியானம் எழும்பித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்தாள். இரவானதும் நஜ்முன் நிஸா கதவைத் தட்டி, "அக்கா, நாடகம் தொடங்கப்போகுது" என்றாள். கேட்டது. எழும்பவில்லை. அவளும் இரண்டாம் தரம் தட்டவில்லை.

ஞாயிறு மாலை பேணாட் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தான். முகம் வழித்து, தம்பியின் சேர்ட்டைப் போட்டிருந்தார். தம்பி மனைவி வேறு ஒரு சனலில் வேறு ஒரு நாடகம் பார்க்கிறாளாம், அதைப்பற்றி அண்ணனுக்கு அவளோடு இரண்டு நாளும் சண்டையாம் என்று பேணாட் சிரித்துச் சொன்னான். தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டு அவன் போன பிறகு மேர்வின் அவளைக் கூப்பிட்டார்.

"நித்திரை... கொண்டியா?"

"கொண்டனான். ஆனா இன்னும் காணாது."

அவர் யோசித்தார். "வாற கிழமையும்... போறன்" என்றார்.

"ஓம், போங்கோ" என்று சொல்லிவிட்டு, ஊறவைத்த உடுப்பைப் பிழிய அவள் கிணற்றடிக்குப் போனாள். இடுப்பு இன்னும் வலித்தது.