ம் கொட்டும் பாட்டு

அந்தப் பாட்டின் நீளம் நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி; ஆறாவது மாடியில் இருந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் கேட்டபோது அது பதினோரு நாள் ஓடியது. யார் யார் முகத்துக்காக எந்தெந்த எல்லைக்கல்லை எத்தனை அடி தள்ளி நட்டார் என்பதை, ஒலிபெருக்கிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசிக் கல்லுக்கு வந்ததும் பாட்டு முடிந்தது. எழுந்து குளிக்கப் போனார். கட்டடத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்த இரண்டு நாற்காலியில் ஒன்றைப் பதினோரு நாள் விட்டுக்கொடுத்த மூன்றாம் மாடிக்காரர்களின் பொறுமையைத்தான் பேசிக்கொண்டார்கள்.

பாட்டைச் செய்தவள் அந்த மூன்றாம் மாடி லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. பகலில் அவளுக்குக் காது மருத்துவமனையில் வேலை. ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். எட்டு மணிநேரம் அடுத்தவர் காதுக்குச் சத்தம் பரிமாறிவிட்டு வருகிறவள் வீட்டிலாவது அமைதி தேடுவாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவளோ வந்ததும் வராததுமாக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். சொட்டுகிற தண்ணீர், ஜிப், ஸ்டேப்ளர், வாஷிங் மெஷினின் கடைசிச் சுற்று, இரும்பு பீரோவின் கதவு எல்லாம் லேப்டாப்புக்குள் போகும். அங்கே தலையும் வாலும் நறுக்கி, சுருதியை ஏற்றி இறக்கி, எட்டு எட்டாக அடுக்கி ஓடவிட்டால் பீரோ முரசாகவும் ஜிப் ஜால்ராவாகவும் ஒரு பாட்டு வரும். காலாட்டவைக்கிற பாட்டுதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுத் தையல்காரி மட்டும், "எல்லாரும் பாத்திரத்தைக் கழுவி அடுக்குவாங்க, இவ கழுவுற சத்தத்தையும் அடுக்குறா" என்று படியேறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய தையல் மெஷின் இரண்டு பாட்டில் வாசித்திருக்கிறது; அது அவளுக்குத் தெரியாது.

மெக்கானிக் பேசமாட்டான். ஊமையில்லை, 'ம்' என்பான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக, உப்பு போதுமா என்றாலும் ம், வீடு ஒழுகுகிறது என்றாலும் ம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு, தொழில் காதுத்தொழில் என்பதால், வகை பிரிக்கக் கற்றுக்கொண்டாள்: சரி என்கிற ம், போதும் என்கிற ம், அப்புறம் பார்க்கலாம் என்கிற ம், காதில் விழுந்தும் விழாத ம். பிடிபடாதவை இரண்டு. ஒன்று, அவளே கேட்காதது. கல்யாணத்துக்கு முன்னால், அவள் வேலை பார்த்த கட்டடத்தின் லிஃப்டுக்குள் ஒருநாள் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டு, பயத்தில் கதவிடுக்கு வழியாக விடாமல் பேசியபோது வெளியே நின்று சரிசெய்தவன்தான் இவன். ஒரு வாரம் கழித்து அவனுடைய அக்கா பெண் கேட்டு வந்து, "தம்பிகிட்ட கேட்டேன், ம்னான்" என்றாள். அந்த ஓரெழுத்தை நம்பிக் கழுத்தை நீட்டியவள் இவள். மற்றொன்று புதியது. மருத்துவமனை வேறு ஊரில் திறக்கிற கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகக் கூப்பிட்டு, பதில் சொல்ல இரண்டு மாதம் தவணை கொடுத்திருந்தது. சொன்னாள். ம் என்றான். போ என்றா, போகாதே என்றா, எக்கேடோ கெடு என்றா? பெண் கேட்ட அன்றைய ம் வேண்டாவெறுப்பில் வந்ததென்றால் இதுவும் அதே ரகம்தான். அப்படியானால் தனியாகக் கிளம்பிவிடுவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உப்பு ஜாடிக்குப் பின்னால் கருவியை ஒளித்துவைத்து நூற்றுப் பதினெட்டு ம் சேர்த்தாள். மாற்றி மாற்றிக் கேட்டும் ஒன்றும் விளங்கவில்லை. சேர்த்ததை வீணாக்குவானேன் என்று ஒரு ஸ்தாயி இறக்கி, நாலு தட்டுக்கு ஒன்றாகப் பாட்டில் போட்டாள். கதை கேட்கிறவர்கள் ம் கொட்டுவார்கள் என்பது வாய்ப்பேச்சு; இவள் அதை நிஜமாகவே கொட்டாக்கிவிட்டாள். முதலில் மாட்டியது கூரியர்காரர். கையெழுத்துக்காக வாசலில் நின்றவர், உள்ளேயிருந்து பாட்டு ம் என்றதும், நாய் இருக்கிற வீட்டுப் பார்சல்களையெல்லாம் எட்டு வருஷமாகக் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதித் திருப்பி அனுப்புவதைச் சொல்ல ஆரம்பித்தார். பாட்டு அடுத்த ம் போட்டது, அவர் அடுத்த தெருவுக்குப் போனார். பதினேழு நாய்கள் முடிந்த பிறகுதான் பாட்டு நின்றது. அதன்பின் வரிசை கட்டி வந்தார்கள். யார் எவ்வளவு மென்று முழுங்கி வைத்திருந்தார்களோ அவ்வளவு நீளம் பாட்டு. தையல்காரிக்கு ஒன்றரை நாள். வாடிக்கையாளர்களின் இடுப்பளவை அரை அங்குலம் குறைத்துச் சொல்லிச் சந்தோஷப்படுத்தியதிலேயே அதில் பாதி போயிற்று. குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு நடமாடத் தொடங்கினார். அவரிடம் என்ன இருந்தது என்பது இன்றுவரை தெரியவில்லை, அந்த வருத்தம் பலருக்கு உண்டு.

கடைசியில் புருஷனை உட்காரவைத்தாள். பாட்டு நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி ஓடி நின்றது. "ம்" என்றான். நன்றாயிருக்கிறது என்கிற வகை. கட்டடத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் அது வெறும் பாட்டாக ஓடியது.

தவணை முடிய ஒருநாள் இருந்தபோது, வியாழன் மாலை, அவனுடைய அக்கா வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, பாட்டு நம்ம வீட்டு ஆளு மாதிரியே முனகுது?"

"உங்க தம்பிதான் அண்ணி."

ம், என்றது பாட்டு.

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். "அவன் ம்னு சொல்லவே இல்லம்மா," என்றாள். "உன்னைப் பொண்ணு கேக்க வர்றதுக்கு முன்னாடி உன்னைப் பத்தி மூணு நாள் பேசினான். லிஃப்டு ஆறு நிமிஷத்துல சரியாயிடுச்சாம். கதவைத் திறந்தா இந்தப் பொண்ணு பேச்சை நிறுத்திடுமேன்னு வெளியில சும்மா நின்னுக்கிட்டிருந்தானாம், திருட்டுப்பய. நீ என்ன சொன்ன, எந்த இடத்துல மூச்சு வாங்கின, அத்தனையும் ஒப்பிச்சான். எனக்குக் காது புளிச்சுப்போச்சு. நான்தான் சொன்னேன், டேய், இதையெல்லாம் அவகிட்ட போய்க் கொட்டிடாத, தலையில ஏறி உக்காந்துடுவா, என்ன கேட்டாலும் ம்னு மட்டும் சொல்லுன்னு."

"எத்தனை நாளைக்குச் சொல்லச் சொன்னீங்க?"

அக்கா யோசித்தாள். "அதை நான் சொல்லலியே," என்றாள்.

லிஃப்ட் வேலையில் மேலேயிருந்து மறு உத்தரவு வரும்வரை போட்ட சுவிட்சை மாற்றக்கூடாது. அந்தத் தொழில் தெரிந்தவன் அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து உள்ளே வந்தான். கருவிப்பையை இறக்குவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அந்த ஊருக்குக் கூப்பிடுறாங்கன்னதுக்கு ம்னீங்களே. அது என்ன ம்?"

அவன் அக்காவைப் பார்த்தான்.

"சொல்லித் தொலைடா," என்றாள் அக்கா.

"நானும் வரேன்னு," என்றான். "அங்க பழைய மாடல் லிஃப்டு நாலு இருக்காம். அன்னிக்கே கம்பெனியில எழுதிக் கொடுத்துட்டேன்."

முதல் வேலையாக, முப்பத்துநாலு நிமிஷம் காரணமில்லாமல் அடைத்துவைத்ததற்கு அவனை முப்பத்துநாலு நிமிஷம் திட்டினாள். காரணம் இருந்தது என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். நடுவே பாட்டு ம் போட்டது. யார் பேசும்போதும் அவள் பாட்டை நிறுத்தியவளில்லை; அன்று எழுந்துபோய் நிறுத்தினாள். அவன் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் சம்மதக் கடிதம் எழுதும்போது கல்யாணத்துக்கு மறுநாள் காலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சாமான் கட்ட வந்தவர்களும் லாரி டிரைவரும் அந்த முதல் வாரத்தைக் கேட்டபடியே ஏற்றி இறக்கினார்கள். சாப்பிடும்போதும் வேலை நேரத்திலும் நிறுத்துவானாம். பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடங்குவானாம். புது ஊரில் அக்கம்பக்கத்தார்கூடப் பழகிவிட்டார்கள், வெளியூர் போய் வந்தால் எந்த மாதம் நடக்கிறது என்று மட்டும் விசாரிக்கிறார்களாம். தையல்காரிக்குப் போன வாரம் வந்த தகவல்படி, பேச ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. இப்போதுதான் கல்யாணமான நாலாவது வருஷத்து மழைக்காலத்துக்கு வந்திருக்கிறான்.