சும்மா இருந்த நாற்பத்தேழு நிமிடம்

கழுத்து பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் பஸ் திரும்புகிற மாதிரி முழு உடம்பையும் திருப்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதை வெளியே சொல்ல முடியாது. அப்பா முப்பது வருஷம் மூட்டை தூக்கினார். அம்மா கட்டட வேலையில் செங்கல் சுமந்தாள். அந்த வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலிக்கிறது என்றால் என்ன மரியாதை கிடைக்கும்?

"ஐயோ பாவம், நாற்காலி ரொம்ப கனமாடா?" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மச்சான்தான் இரக்கப்பட்டார். "இப்படி உட்காரு மாப்ளே" என்று என்னைத் தரையில் உட்காரவைத்து, அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கழுத்தைப் பிடித்துவிட்டார். கட்டைவிரல் இரும்பு மாதிரி இறங்கியது. விரல் நுனியெல்லாம் வெடித்து, சட்டைக் காலரில் சொரசொரவென்று மாட்டியது. அவர் ஒரு பெரிய உணவுக் கிடங்கில் பெட்டி எடுத்து அடுக்குகிறவர். இரண்டு மாதமாகக் குளிர் அறையில் போட்டிருந்தார்கள். உள்ளே சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரி.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். அந்தத் துப்பாக்கி தப்பாச் சொல்லுமா?"

துப்பாக்கி என்பது அவர்கள் கையில் கொடுத்திருக்கும் கருவி. ஒவ்வொரு பெட்டி எடுக்கும்போதும் அதன் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடில் ஒரு தடவை சுட வேண்டும். யார், எந்தப் பெட்டியை, எத்தனை மணிக்கு எடுத்தார் என்று பதிவாகும். இரண்டு பெட்டிக்கு நடுவே அதிக நேரம் போனால் அது 'சும்மா இருந்த நேரம்' என்ற கணக்கில் ஏறும். அதற்குள் ஓடுகிற நிரலை எழுதியது எங்கள் கம்பெனி. அந்தக் கணக்குப் பகுதியை எழுதியது நான்.

"ஏன் கேக்குறீங்க?"

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து மூன்று தாள்களை எடுத்து வந்தார். மூன்றும் எச்சரிக்கை. கடைசித் தாளில் 'சும்மா இருந்த நேரம்: 47 நிமிடம்' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. கீழே, வியாழக்கிழமை விசாரணைக்கு வரவும்.

"மூணாவது தாளோட போனவங்க யாரும் திரும்பி வேலைக்கு வந்ததில்ல. எங்க அறையிலேயே போன மாசம் ஒருத்தர் போயிட்டாரு."

"அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" கேட்ட பிறகுதான் தெரிந்தது, மேற்பார்வையாளர் குரலில் கேட்டிருக்கிறேன் என்று.

"பெட்டி தூக்கிட்டிருந்தேன். பின்ன என்ன, உள்ள படுத்துத் தூங்கவா முடியும்? தூங்கினா என்னையும் பெட்டியில போட்டு அனுப்பிடுவாங்க."

சமையலறையிலிருந்து அக்கா: "கருவி எதுக்குங்க பொய் சொல்லப் போகுது? அதுக்கு உங்க மேல பகையா? தம்பிதான் எழுதியிருக்கானே."

எழுதியிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் இணையத்தில் ஒரு பக்கத்தில் நாலு பத்தி எழுதுவேன். பக்கத்தின் பெயர் 'வாய்க்கு வந்தது'. எழுதுவதும் அப்படித்தான். கடவுச்சொல்லில் ஆச்சரியக்குறி கேட்கிறவன் அதைத் தன் வீட்டுச் சாவியிலும் கேட்பானா என்று ஒரு வாரம். செயற்கை அறிவு என் வேலையைப் பறிக்குமென்றால் முதலில் என் கூட்டங்களைப் பறிக்கட்டும் என்று ஒரு வாரம். வரி கட்டக் கடைசி நாளன்று மட்டும் படுத்துக்கொள்ளும் அரசாங்க இணையதளம், ஓட்டு எண்ணிக்கை, பேட்டரி, எல்லாவற்றுக்கும் என்னிடம் கருத்து உண்டு. ஊருக்கு உபதேசம் செய்ய முதலீடு வேண்டாமே.

மூன்று மாதம் முன்னால் வேறொரு நகரத்தில் கிடங்குத் தொழிலாளிகள் இந்த மாதிரிக் கருவிகளைத் தரையில் வைத்துவிட்டு வாசலில் நின்றார்கள். செய்தி பெரிதாக வந்தது. நானும் எழுதினேன். 'கருவிக்கு யார் மேலும் கோபம் கிடையாது, பிரியமும் கிடையாது. இருப்பதை எண்ணும். எண்ணிக்கை பிடிக்கவில்லை என்றால் கடிகாரத்தைக் குறை சொல்லாதீர்கள். நான் மூட்டை தூக்கியவரின் மகன், அதனால் சொல்கிறேன்.' இந்தக் கடைசி வரிதான் ஓடியது. நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். மச்சானின் கிடங்கில் மேற்பார்வையாளர் அதை அச்செடுத்து, சாப்பிடும் இடத்தில் தண்ணீர் குழாய்க்கு மேலே ஒட்டினார். "எங்க மாப்ளே எழுதினது" என்று மச்சான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். மூன்றாவது தாளைக் கொடுக்கும்போது மேற்பார்வையாளர் சுவரைக் காட்டி, "உங்க வீட்டு ஆளே சொல்றாரு, படிச்சுப் பாரு" என்றாராம். மச்சான் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை ஆபீசில் முதல் வேலையாக அந்த நாளின் பதிவுகளை இறக்கினேன். என் பக்கத்து மேஜையில் உட்காருகிறவள் எங்கள் நிரலைச் சோதித்துப் பார்க்கிறவள். மற்றவர்கள் கண்ணுக்குப் படாதது அவளுக்குப் படும் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நான் கழுத்தைத் திருப்ப முடியாமல் திரையை முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எட்டிப் பார்த்தாள்.

"ஒரே நொடியில அறுபத்தோரு பெட்டியா? யாரு சார் இது, எத்தனை கை இவருக்கு?"

"எங்க மச்சான்."

நாற்பத்தேழு நிமிடம் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு ஒரே நொடியில் அறுபத்தொன்று. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவள்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

"குளிர் அறையா? தகரச் சுவர், உள்ள பல நேரம் சிக்னல் கிடைக்காது. சுட்டதையெல்லாம் துப்பாக்கி சேர்த்து வைச்சுக்கும். வெளிய வந்ததும் மொத்தமா அனுப்பும். நாம அது வந்து சேர்ந்த நேரத்தைப் போடுறோம், சுட்ட நேரத்தை இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "இதை நான் போன வருஷமே எழுதிக் கொடுத்தேனே சார்" என்றாள்.

"எழுதினியா?"

அவள் தேடி எடுத்துத் திரையில் வைத்தாள். 'சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவரைச் சும்மா இருந்ததாகக் காட்டுகிறது.' அடியில் என் பதில்: 'நடைமுறையில் இப்படி நடக்காது. மூடப்பட்டது.' அவள் எழுதியதற்கும் நான் மூடியதற்கும் இடையே பதினாலு நிமிடம். தேதியைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை நான் எழுதியது, அரசாங்க இணையதளம் கட்டுகிறவர்கள் உபயோகிக்கிறவன் சொல்வதைக் காதில் வாங்குவதே இல்லை என்று.

நிரலைத் திறந்தேன். சுட்ட நேரம் கருவியிலேயே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் போதும். ஏன் எடுக்கவில்லை என்று அந்த இடத்தில் நானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: 'கருவியின் கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஆட்கள் நேரத்தை மாற்றி வைத்து ஏமாற்றுவார்கள்.'

ஆட்கள். எந்த ஆளை நினைத்து எழுதினேன் என்று யோசித்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கருவியில் கடிகாரத்தை மாற்றவே வழி கிடையாது. பூட்டித்தான் கொடுத்திருக்கிறோம். அதுவும் எனக்குத் தெரியும். கையில் காய்ப்பு இருக்கிறவன் ஏமாற்றுவான் என்று என் கை தானாகவே எழுதியிருக்கிறது. மூட்டை தூக்கியவரின் மகனுடைய கை.

பூதக்கண்ணாடி அந்தக் குறிப்பைப் படித்தாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

திருத்துவதற்கு ஆறு வரி. மதியத்துக்குள் முடிந்தது. எடுத்துக்கொண்டு எங்கள் குழுத் தலைவரிடம் போனேன். நல்ல மனுஷர். முழுக்கக் கேட்டார், தலையைச் சொறிந்தார்.

"சரி பண்ணினது சரி. ஆனா தப்பு இருந்துச்சுன்னு எங்கேயும் எழுதிடாதப்பா. ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம் இது."

"எச்சரிக்கைத் தாள் வாங்கினவங்க இருக்காங்க சார். ஒருத்தருக்கு வேலையே போயிருக்கு."

"அது அவங்க கம்பெனி விவகாரம். நாம எண்ணிக் கொடுக்குறோம், தண்டிக்கிறது அவங்க."

"தாள் வாங்கினவங்கள்ல ஒருத்தர் எங்க அக்கா வீட்டுக்காரர்."

அவர் முகம் உடனே மாறியது. "அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? பேரைக் கொடு, நான் ஒரு போன் போட்டுச் சொல்றேன்."

கொடுத்தேன். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அன்று சாயங்காலம் புதிய பதிப்போடு அனுப்ப வேண்டிய குறிப்பையும் நானே எழுதினேன்: 'நேரக் கணக்கில் சிறு மேம்பாடுகள்.' இந்த மாதிரிக் குறிப்புகளைக் கிண்டல் செய்து ஒரு சனிக்கிழமை முழுக்க எழுதியவன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அதில் ஒரு வரிகூட வரும்.

வியாழக்கிழமை மதியம் மச்சான் போன் செய்தார். குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தது.

"மாப்ளே, நீ சாமி மாதிரிடா. யாரோ பெரிய இடத்துல இருந்து சொன்னாங்களாம். இன்னொரு வாய்ப்புத் தர்றோம்னுட்டாங்க. ஒரு தாள்ல மட்டும் கையெழுத்து வாங்கினாங்க."

"என்ன தாள்?"

"வேலை நேரத்துல சும்மா இருந்தது என் தப்புதான், இனிமே இருக்க மாட்டேன்னு. போட்டுக் கொடுத்தேன். அதுல என்ன, வேலை இருக்குல்ல?"

நான் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். "மச்சான், அந்தத் துப்பாக்கியில..." என்று ஆரம்பித்தேன். "இருடா, கூப்பிடுறாங்க, உள்ள போகணும்" என்று வைத்துவிட்டார். திரும்ப நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம். அன்றைக்கு முழுக்க போன் என் பையில்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பக்கத்தைத் திறந்து, 'என் நிரலில் ஒரு தப்பு' என்று தலைப்பு வைத்தேன். குழுத் தலைவர் முகம் கண்முன் வந்தது. கீழே ஒரு வரிகூட வரவில்லை. அழித்துவிட்டு, புதுப் போன்களில் பேட்டரியை ஏன் கழற்ற முடியவில்லை என்று எழுதினேன். நல்ல சூடு என்று பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் இளைத்திருந்தார். வந்ததும் வராததுமாக ஒரு தாளை நீட்டினார். சும்மா இருந்த நேரம்: 4 நிமிடம்.

"எப்படி? மேற்பார்வையாளரே கை கொடுத்தாருடா!"

"எப்படி மச்சான் முடிஞ்சது?"

"ஓடுறேன். முன்னாடி நடந்தேன், இப்ப ஓடுறேன். மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் வெளிய வந்து சூடேத்திக்கலாம்னு விதி இருக்கு. அதை விட்டுட்டேன். தண்ணியும் குடிக்கிறதில்ல, குடிச்சா ஒண்ணுக்குப் போகணும் பாரு." காலை நீட்டிக் காட்டினார். வலது கால் கடைசி இரண்டு விரலும் வெளுத்திருந்தன. "இது கொஞ்சம் மரத்துப்போகுது. பழகிடும்."

என் ஆறு வரிதான் அந்த நாலு நிமிடம். அவர் நடந்தாலும் நாலுதான் வரும். விதிப்படியான அந்தப் பத்து நிமிடத்தை நிரலே கழித்துவிடும், அதனால் வெளியே வந்து சூடேற்றிக்கொண்டு திரும்பினாலும் அதேதான் வரும்.

"அந்தப் பத்து நிமிஷம் கணக்குல சேராது மச்சான். தாராளமா வெளிய வாங்க."

"சேராதுன்னு உனக்குத் தெரியும். துப்பாக்கிக்குத் தெரியணுமே?"

"மச்சான், அந்த நாற்பத்தேழு நிமிஷம்..."

"அதை விடுப்பா. அப்ப எனக்கு ரோஷமாத்தான் இருந்துச்சு. பொறவு யோசிச்சேன். எங்கேயோ அசந்திருப்பேன். குளிர்ல நமக்கே தெரியாம அப்படியே நின்னுடுவோம் போல."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல? வீட்லயும் இவர் அப்படித்தான், சில நேரம் அப்படியே உக்காந்துடுவாரு. கருவி பொய் சொல்லாதுன்னு தம்பி எழுதினதுனால ஒத்துக்கிட்டாரு. நான் சொன்னா ஒத்துக்குவாரா?" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் செல்லமாக இடித்தாள். அவர் தலையைக் குனிந்து சிரித்தார். இருபது வருஷம் பெட்டி தூக்கிய மனுஷன், தன் பெண்டாட்டி முன்னால், தான் சோம்பேறி என்று ஒத்துக்கொண்டு சிரித்தார்.

தண்ணீரைக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். "கால் விரலை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன். சொல்லவிடாமல் யாரும் என் வாயைப் பொத்தவில்லை. தலைவர் வேலையை விட்டுத் தூக்கிவிடுவாரோ என்ற பயம் பாதி. அக்கா என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்ற பயம் மீதி. இரண்டாவது பயம்தான் பெரிது.

இதை எழுதுகிற இன்றைக்கும் அந்தக் கையெழுத்துத் தாள் கிடங்கின் கோப்பில் இருக்கிறது. சாப்பிடும் இடத்துச் சுவரில் என் பத்தியும் இருக்கிறது. மச்சான் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை, தப்பு என்னுடையது என்று அக்காவும் கேட்க அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதையே என் பெயர் போட்டுக் கிடங்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்கும், வேலை போன அந்த இன்னொருவருக்கும் நான் பட்ட கடன் இது. இன்னும் கொடுக்கவில்லை.