கூட்டு ரோட்டைத் தாண்டி

...இதுவும் கூட்டு ரோட்டோடு முடியப் போவதில்லை, சார்லிக்குத் தெரியும், வண்டியின் பின்னால் உட்கார்ந்திருக்கும் மணவாளன் கூட்டு ரோடு வரைக்கும்தான் கேட்டான், ஆனால் அங்கே இறங்கித் தவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவன் நடப்பதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்ப மனசு வருமா, ஒரு மைல் கூப்பிட்டவனோடு இரண்டு மைல் போகச் சொல்லியல்லவா இருக்கிறது வேதத்தில்... முதுகு விண்விண் என்று தெறித்தது. காலையிலிருந்து பட்டுக் கடைக்காரரின் பாவு நூல் சுருள்களைத் தறிக்காரர் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டு இடுப்பு விட்டுப்போயிருந்தது, வீட்டுக்குப் போக வேண்டிய வண்டி எதிர்த்திசையில் தேவிகாபுரம் சாலையில் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் மனைவி சோபியா கழுத்துக் கட்டியின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு காத்திருப்பாள், வேலூரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை ஆரணி வரும் டாக்டரம்மா ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார், இதையெல்லாம் மணவாளனிடம் சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் வாயைத் திறந்தான். “பஸ்ஸு போச்சிண்ணா, ஒரே பேஜாரா கீது, கூட்டு ரோடு வரைக்கும் வுட்டுடுறீங்களா?” என்று அவன் கேட்டதும் திறந்த வாயிலிருந்து “ஏறுங்க” என்றுதான் வந்தது. நாக்குக்கு வேறு வார்த்தை மறந்துபோய்விட்டதோ என்னவோ.

எல்லாம் போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் வந்த வினை. ஆளுக்கொரு வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஈஸ்டர் வரைக்கும் படிக்க வேண்டாம், நடந்து காட்டுங்கள் என்றார் போதகர். சபையில் பிலவேந்திரன் உபவாசத்தை எடுத்துக்கொண்டார், சர்க்கரைக்காக டாக்டர் ஏற்கெனவே பாதிச் சோற்றை நிறுத்தியிருந்தார், அவருக்கு என்ன கஷ்டம்... கிறிஸ்டோபர் நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்பதை எடுத்தான், அவன் என்றைக்குக் கவலைப்பட்டான்? சார்லி இதை எடுத்தான். கேட்கிறவனுக்கு இல்லையென்னாதே, ஒரு மைலுக்கு இரண்டு மைல் நட. ஈஸ்டர் வந்தது, எல்லோரும் அவரவர் வசனத்தை இறக்கி வைத்துவிட்டு பிரியாணி சாப்பிட்டார்கள், இவனால் இறக்க முடியவில்லை. முதலில் நன்றாகத்தான் இருந்தது, படுத்தால் குழந்தை மாதிரி தூக்கம் வந்தது, உள்ளே ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி. அப்புறம் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பானாம், சார்லி இல்லைன்னு சொல்ல மாட்டாரு என்று அரிசி மூட்டை ஏற்றினார்கள், மாமியாரை ஏற்றினார்கள், ஒருத்தர் போளூரில் பெண் பார்க்கப் போகக்கூட இவன் வண்டியில்தான் ஏறினார். அலுத்துவிட்டது கர்த்தாவே, நிஜமாகவே அலுத்துவிட்டது, நன்மை செய்வதில் சோர்ந்துபோகக் கூடாது என்பதும் தெரியும், சோர்ந்துபோனவன் என்ன செய்ய வேண்டும்? இதுவரை ஒருத்தரையாவது நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறானா... இல்லை. சார்லி இல்லைன்னு சொல்ல மாட்டாரு. அந்தப் பேச்சு காதில் விழும்போது கொஞ்சம் இனிக்கத்தான் செய்கிறது, அதையும் மறைப்பானேன்.

சட்டைப் பையில் போன் இருந்தது. சோபியா கூப்பிட்டால் போதும், எங்க கீறீங்க, ஜல்தி வாங்க என்று ஒரு வார்த்தை, வீட்டுல கூப்புடுறாங்க மணவாளா, கோச்சிக்காதீங்க என்று இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடலாம், கேட்டவளுக்குத்தானே கொடுக்கிறோம், வசனமும் நிற்கும்... போன் பேசாமல் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவாள் என்று நினைத்தான், புளியமரங்கள் பின்னால் போயின, கூப்பிடவில்லை. கூட்டு ரோட்டில் மணவாளன், “இங்கயே நிறுத்துங்கண்ணா, நான் நடந்துடுறேன்” என்று சொல்லத்தான் செய்தான். “மூட்டையோட எப்படி நடப்பீங்க, குந்துங்க” என்று சொல்வது தன் குரல்தானா என்று சார்லிக்கே எரிச்சலாக வந்தது. மணவாளன் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கியபோது மணி ஐந்தே முக்காலைத் தாண்டியிருந்தது, “தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கண்ணா” என்றதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுத் தெருமுனைக்கு வந்து அவனே போன் போட்டான்.

“சோபி, வந்துகினே இருக்கேன், நீ கிளம்பி...”

“நான் டாக்டர் ரூமுக்கு வெளியதான் குந்திகினு இருக்கேங்க. பக்கத்து வூட்டு ஜெயப்ரியா கூட வந்துகீது. அடுத்து என்னைத்தான் கூப்புடுவாங்க. நீங்க மெதுவா வாங்க.”

“எனக்கு ஏன் போன் பண்ணல?”

“காலையிலயே அதுகிட்ட கூட வரச் சொல்லி வெச்சிட்டேன். உங்களுக்கு வழியில யாராச்சும் நிப்பாங்க இல்ல?” வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். “கூப்புடுறாங்க, வெச்சிடுறேன்.”

காலையிலேயே... சாயங்காலம் வந்து கூட்டிகினு போறேன் என்று இவன் சொன்னதற்கு அவள் தலையாட்டினாளே, டீயைக்கூட ஆற்றிக் கொடுத்தாளே, அப்போதே தெரிந்துதான் ஆட்டினாளா? ஒரு சொல் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் தன்னிடம் கடைசியாக வாய்விட்டு எதைக் கேட்டாள், பண்டிகைக்குப் புடவையா, தலைவலித் தைலமா... ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. திரும்பப் போன் போட்டான், எடுக்கவில்லை, உள்ளே போயிருப்பாள், முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டிக்கொண்டு அந்த டாக்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பயமாயிருக்குதா சோபி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கையில் போன் இருந்தது, அவளும் பேசினாள், அப்போதும் எனக்கு ஏன் போன் பண்ணலைன்னுதானே கேட்டேன்... என்னைப் பற்றித்தானே கேட்டேன்.