பக்கத்தில் ஒரு தடம்

ஜோன்ஸ் அண்ணன் திரும்பிப் பார்த்தபோது நான் இடுப்புவரை பனிக்குள் இருந்தேன்.

"ஏளா செல்வி, எத்தன வாட்டி சொல்லுதேன்? முன்னால போறவன் மிதிச்ச குழியில கால வையி. நீ எதுக்குப் பக்கத்துல புதுசா தோண்டிக்கிட்டு வார?"

"தெரியலண்ணே. காலு தானா போவுது."

"உப்பு அள்ள வந்த மாதிரி நடக்கா," என்றாள் ஸ்டெபி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அவள் சொன்னது சரிதான். வேம்பாரில் எங்கள் உப்பளத்தில் உப்பைக் குவித்த அம்பாரத்தின்மேல் ஏறும்போது முன்னால் போனவர் மிதித்த இடத்தில் மிதிப்பதில்லை. அங்கே மேற்பொருக்கு உடைந்திருக்கும், உப்பு சரிந்து ஆளைக் கீழே இழுக்கும். யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. எல்லோரும் அப்படித்தான் ஏறினார்கள். பனியில் நேர் எதிர். மிதித்த இடம்தான் இறுகியிருக்கும். எங்கள் மலையேற்ற கிளப்பை நடத்தும் ஜோன்ஸ் அண்ணன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், தூத்துக்குடியில் ரயில் ஏறும் முன்பே இதைச் சொல்லியிருந்தார். தலைக்குப் புரிந்திருந்தது. காலுக்குப் புரியவில்லை.

நான் கிளப்பில் சேர்ந்தது மலைக்காக அல்ல. பகலில் ஷிப்பிங் ஆபீஸ், சாயங்காலம் இந்தி வகுப்பு, அதன்பின் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது "வாரியா?" என்று கேட்டால் போதும் என்றிருந்தது. மணாலிக்கு மேலேயுள்ள இந்த மேட்டின் உச்சியில் அவர்களோடு நின்றுவிட்டால், அப்புறம் நான் கேட்காமலே கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முந்தின நாள் பனிச்சறுக்கில் நான் விழுந்தபோது ஸ்டெபி கைகொடுத்துத் தூக்கினாள். அதை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொண்டேன். விழுந்த எல்லோரையும்தான் அவள் தூக்கினாள்.

"கோவிச்சுக்காத," என்றார் ஜோன்ஸ் அண்ணன். "மேகம் எறங்குது. உன்னையும் இழுத்துக்கிட்டுப் போனா யாரும் போய்ச் சேர முடியாது. கீழ டீக்கடை தெரியுதுல்லா? அங்கன இரு. திரும்பி வாரப்ப கூட்டிட்டுப் போறோம்."

இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள், முதுகில் சறுக்குப் பலகைகளோடு அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். இறங்கும்போது மட்டும் அவர்களுடைய குழிகளில் சரியாகக் கால்வைத்து வந்தேன். ஒருமுறைகூடப் புதையவில்லை.

கடைக்காரர் இந்தியில், தனியாகவா வந்தாய் என்று கேட்டார். புரிந்தது. இல்லை, கூட்டமாக வந்தோம் என்று சொல்ல வகுப்பில் படித்த சொற்களை வரிசைப்படுத்தினேன். அவர் டீயை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

மூன்றாவது டீயும் ஆறியபின் போன் அடித்தது. காற்றுக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஜோன்ஸ் அண்ணன் கத்தினார்.

"உச்சிக்கு வந்துட்டோம்ளா! அந்தப் பக்கம் சரிவு லேசாத்தான் இருக்கு, சறுக்கிக்கிட்டே எறங்கிருதோம். வேன் அங்கன வந்துரும். நீ ரோட்டோட நடந்து ரூமுக்குப் போயிரு, என்ன?"

"சரிண்ணே."

வெளியே வந்து மேட்டைப் பார்த்தேன். அத்தனை பேரும் ஒரே குழிகளில் மிதித்துப் போனதில் அது ஒற்றை ஆளின் தடமாக இருந்தது. அதன் பக்கத்திலேயே என் குழிகள். கீழேயிருந்து பார்க்க, யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டே சேர்ந்து ஏறியது போலிருந்தது. பனி விழத் தொடங்கியது. இரண்டாவது ஆள் நின்றுபோன இடம்வரை, இரண்டு தடங்களும் ஒன்றாகவே மூடிக்கொண்டிருந்தன.