ஐயாயிரத்து நாற்பத்தொன்று

மருமகள் வரைந்த கிளி பசை மேசைக்குப் போகுமா, இல்லை இருபது வருடமாகப் போகிற மீன்தான் இந்த முறையும் போகுமா என்ற விவகாரம், ஒரே ஒரு கண்ணாடிச் சில்லில் வந்து நின்றது.

வண்ணச் சில்லுகளை ஒட்டிச் சுவர்ப்படம் செய்யும் குடும்பம் அது. வெட்டிய சில்லுகள் மிச்சமில்லாமல் எண்ணிக்கையில் அடங்கினால்தான் மாமியார் பசையைத் தொடவே விடுவார். மீன் படத்துக்கு எழுபது வரிசை, வரிசைக்கு எழுபத்திரண்டு. மொத்தம் ஐயாயிரத்து நாற்பது. பத்துப் பத்தாக எண்ணினாலும் எட்டெட்டாக எண்ணினாலும் சமர்த்தாக அடங்கிவிடும். கல்யாணமாகி ஐந்தே மாதமான மருமகள் முதன்முதலாகத் தானே வரைந்த கிளிக்கோ எழுபத்தொரு வரிசை, வரிசைக்கு எழுபத்தொன்று.

மாமியார் பத்துப் பத்தாக எண்ணினார். ஒன்று மிஞ்சியது. கணவன் எட்டெட்டாக எண்ணினான். அதே ஒன்று. கொழுந்தன் ஏழேழாக எண்ணிவிட்டுச் சிரித்தான்.

"அண்ணி, உங்க கிளி ஒரு சில்லைத் துப்பிடுச்சு!"

"மிஞ்சுதுன்னா கணக்குல கோணல்னு அர்த்தம்மா. பேசாம மீனையே ஒட்டுவோம்" என்றார் மாமியார்.

மருமகள் மாமியார் முன்னால் வந்து நின்றாள். ஒரு மாதம் ராப்பகலாக வரைந்த கிளி. "இல்ல அத்தை, எழுபத்தொண்ணை எழுபத்தொண்ணால பெருக்கினா..."

"வாயால பெருக்கினா ஆச்சா? கண்ணுக்குத் தெரியணும்."

"அவ காலேஜ்ல கணக்கு படிச்சவம்மா" என்றான் கணவன்.

"நான் இந்தச் சில்லுலயே படிச்சவடா. பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்காம தள்ளி நில்லு."

அதோடு விடவில்லை. மீனுக்குப் பரப்புவதுபோலவே அத்தனை சில்லுகளையும் தரையில் பரப்ப வைத்தார். நாலு பேர் முதுகும் கழன்றுபோனபோது எழுபது வரிசையும் கச்சிதமாக நின்றன. ஒரே ஒரு பச்சைச் சில்லு மட்டும் மாமியாரின் உள்ளங்கையில்.

"பாத்தியா?"

மருமகள் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது.

"அத்தை, இதுலயே கொஞ்சம் மாத்தி வைக்கட்டுமா?"

ஒவ்வொரு வரிசையிலிருந்தும் கடைசிச் சில்லை மட்டும் எடுத்தாள். இப்போது வரிசைக்கு எழுபத்தொன்று. எடுத்த எழுபதையும் அடியில் புது வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். எழுபத்தொன்றாவது வரிசை. அதன் கோடியில் ஒரு சில்லுக்கு மட்டும் இடம் பாக்கி.

மூன்று பேரின் கண்களும் மாமியாரின் மூடிய கைக்குப் போயின.

மெல்லக் குனிந்து அதை வைத்தார். நாலு பக்கமும் நாடாவால் அளந்தார். நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார். அச்சு அசல் சதுரம்!

"அடிக் கள்ளி! அப்போ ஏன்டி எதுல எண்ணினாலும் மிஞ்சுச்சு?"

"உங்க மீனோட ஐயாயிரத்து நாற்பது ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் எதுல வகுத்தாலும் அடங்கும் அத்தை. கிளிக்கு அதைவிட ஒண்ணே ஒண்ணு கூட. அதான் எண்ணுறப்பெல்லாம் அந்த ஒண்ணு துருத்திக்கிட்டு நின்னுச்சு."

மாமியார் இடுப்பில் கைவைத்துச் சிரித்த சிரிப்பில் சில்லுத் தட்டுகள் அதிர்ந்தன. கணவன் சந்தோஷம் தாளாமல் பசை வாளியை எடுக்க ஓடினான்.

"வைடா கீழ!" என்று அதட்டினார். "என் மருமக கிளிக்கு நான்தான் கலக்குவேன்."