முழங்கால் அளவு மியாஜிமா

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் செல்வரத்தினத்தின் வீட்டு முன்னறையில் நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறி வற்றுகிறது. சாதாரண நாட்களில் கணுக்கால் வரை, அமாவாசை பௌர்ணமிகளில் முழங்கால் வரை. வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டும் போவதில்லை என்பதால் பக்கத்து வீட்டாருக்கு முறைப்பாடு இல்லை. வந்து பார்த்த குழாய் திருத்துபவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, உப்பு என்றார். தன் தொழில் நல்ல தண்ணீரோடு மட்டுந்தான் என்று சொல்லிப் போய்விட்டார்.

காரணம் செல்வரத்தினத்தின் மனைவி கமலாம்பிகை. ஒரு ஜனவரியில் மகள் தக்ஷிகா தாய் தகப்பனை ஜப்பானுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு வருடமாக மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்தவள். எந்தப் படகு, எந்த வாசல், எங்கே செருப்பைக் கழற்றுவது என்று ஒரு பக்கத்தில் எழுதி, எழுதியது சரிதானா என்று மறுபக்கத்தில் சந்தேகப்பட்டிருந்தாள். மியாஜிமா தீவின் கோயில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்பது. நீர் ஏறினால் அதன் பெரிய சிவப்பு வாசல் மிதப்பதுபோல் இருக்கும். வற்றினால் சேற்றில் நடந்தே அதன் காலடிக்குப் போகலாம். செல்வரத்தினம் அங்கே கும்பிட்டு நிமிர்வதற்குள், தீவின் மான் ஒன்று அவருடைய பையிலிருந்த படகுச் சீட்டையும் வரைபடத்தையும் தின்று முடித்திருந்தது. கமலாம்பிகையோ கோயிலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிற ஆள் அல்ல. தண்ணீர்ப் போத்தலைக் காலி செய்து வாசலடிக் கடல்நீரை நிரப்பிக்கொண்டாள். கேட்டுவிட்டு எடுப்பதுதானே முறை என்று தக்ஷிகா கோயில் ஊழியரிடம் கேட்க ஒரு வாக்கியம் அமைத்தாள். அதை மூன்று தரம் திருத்தி முடிப்பதற்குள் திரும்பும் படகுக்கு நேரமாகிவிட்டது.

போத்தல் சேலைக்குள் சுற்றப்பட்டு லண்டன் வந்து, சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் அமர்ந்தது. எட்டாம் நாள் காலை சாமியறைக் கதவடியால் கடல் வந்தது.

“அம்மா, அந்தப் போத்தலை முதல்ல ஊத்துங்கோ.”

“தீர்த்தத்தைச் சிங்கிலை ஊத்தச் சொல்லுறியோ? விசரே உனக்கு?”

ஆகவே சோபா செங்கல்லில் ஏறியது. உப்புநீரில் காலை வைத்துச் செய்தி பார்த்ததில் செல்வரத்தினத்தின் குதிக்கால் வலி மாறியது. தக்ஷிகா மியாஜிமாவின் நீரேற்ற அட்டவணையை, ஒன்பது மணித்தியாலம் கழித்து லண்டன் நேரத்துக்கு மாற்றி எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். அது ஒருநாளும் பிசகவில்லை. பௌர்ணமிக்கு நீரோடு ஒரு மானும் வரும். கவுன்சில் கடிதங்களைத் தின்றுவிட்டு, வற்றுகிற நீரோடு போய்விடும்.

இந்த நிலையில்தான் விம்பிள்டனிலிருந்து ரோஹித்தின் வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ரோஹித் மாலை வகுப்பில் தக்ஷிகாவுக்குப் பக்கத்து மேசை. அவன் தகப்பன் கிருஷ்ணமூர்த்தி சென்னைக்காரர், பொறியியலாளர், சாதகம் பொருந்தாமல் சம்மதிக்கமாட்டார். அவர் சம்மதிக்காமல் ரோஹித் தும்மவும் மாட்டான். தக்ஷிகாவுக்குச் செவ்வாய் எட்டில். அவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வீடாவது உலர்ந்திருந்தால் கொஞ்சம் இரங்குவார்களோ என்று அவள் நினைத்தாள். அவர்கள் குறித்ததோ மார்ச் கடைசி ஞாயிறு, நிறைந்த பௌர்ணமி. மூன்றரைக்கு அறை வற்றிவிடும், துடைக்கப் பதினைந்து நிமிடம் என்று கணக்கிட்டு மூன்றே முக்காலுக்கு வரச் சொன்னாள். கணக்கை ஏழு தரம் சரிபார்த்தாள். அன்று விடியற்காலை கோடை நேரத்துக்காக இங்கிலாந்தின் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே போயின, ஜப்பானுடையவை போகவில்லை, கடலும் போகவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கதவைத் திறந்தபோது தண்ணீர் முழங்காலளவு நின்றது.

“வாங்கோ, வாங்கோ,” என்றார் செல்வரத்தினம். “கால் கழுவ உள்ளுக்கையே தண்ணி இருக்கு.”

“ஏங்க, பேன்ட்டை மடிச்சு விடுங்க,” என்றாள் ரோஹித்தின் தாய் சுலோச்சனா. “பட்டுப்புடவை கட்டின நானே இறங்கிட்டேன்.”

இரண்டு சாதகங்களையும் தட்டில் வெற்றிலை பழத்தோடு வைத்தார்கள். தட்டு மேசையிலும் மேசை தண்ணீரிலுமாக மிதந்தன. கிருஷ்ணமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் சாமியறையிலிருந்து மான் நீந்தி வந்தது. வாழைப்பழத்தை மூக்கால் ஒதுக்கிவிட்டு, ரோஹித்தின் சாதகத்தை முதலிலும் தக்ஷிகாவினுடையதைப் பிறகுமாக நிதானமாகத் தின்றது. வீட்டில் வேறு பிரதி இல்லை. எல்லாவற்றையும் பிரதி எடுக்கிற தக்ஷிகா இதை மட்டும் எப்படி மறந்தாள் என்பது இன்றுவரை அவளுக்கே தெரியாது.

“வேற காப்பி எங்ககிட்டயும் இல்ல. எழுதின ஜோசியரும் இப்ப இல்ல,” என்றார் கிருஷ்ணமூர்த்தி.

கமலாம்பிகை மானைப் பார்த்துக் கைகூப்பினாள். “வள்ளியம்மையைப் பெத்தது மான்தானே, சம்பந்தி.”

கிருஷ்ணமூர்த்தி சாமியறை முருகனைப் பார்த்தார், மானைப் பார்த்தார். “ஆமா, முருகனுக்கே மாமியார். அவங்களே பார்த்து முடிச்சப்புறம் நான் என்னத்தைப் பார்க்கறது?” என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார். ரோஹித் தும்மினான்.

ஆடி போய் ஆவணியில் ஆர்ச்வே முருகன் கோயிலில் கலியாணம் நடந்தது. இருவரும் இப்போது விம்பிள்டனில் இரண்டாம் மாடியில், உலர்ந்த தரையில் இருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை தக்ஷிகா வந்து அட்டவணையை ஒரு மணித்தியாலம் திருத்தி, வாசற்படி இறங்கியபின் சந்தேகப்பட்டுத் திரும்பி ஏறுகிறாள். பொருத்தமில்லாத சாதகக்காரர்கள் எங்கெங்கிருந்தோ பௌர்ணமி மத்தியானங்களில் கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து, காற்சட்டையை மடித்து, செங்கல் சோபாவில் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். வாசலில் செல்வரத்தினம் துவாயோடு நிற்பார். மான் இதுவரை எவருடைய சாதகத்தையும் வேண்டாமென்று சொன்னதில்லை.